நாற்பத்து மூன்று ஹெர்ட்ஸ்

பகலில் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற வேலை.
பதினேழுக்கு மேல் போனால்
மூட்டையைத் திருப்பி அனுப்பும் வாய் என்னுடையது.
ஐப்பசியில் அந்த வாயை யாருக்கும் பிடிக்காது.

இரவில் அதே கருவியின் கிண்ணத்தில்
பிளைவுட் தூளை அள்ளிப் போட்டேன்.
பதினாறு காட்டியது.
நெல் என்றால் எடுத்துக்கொண்டிருப்பேன்.
ஸ்பீக்கர் பெட்டிக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஆகாது,
ஒட்டிய மூலை தையில் வாய் பிளக்கும்.
பலகைகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கி
நூறு வாட் பல்பு ஒன்றை எட்டு நாள் எரியவிட்டேன்.
இந்துராணி என்னோடு பேச்சை நிறுத்தியது
பல்புக்காக இல்லை,
சீட்டெடுத்த பணத்தில்
இரண்டு எட்டங்குல ஸ்பீக்கர் வந்து இறங்கியதற்காக.

உள்ளே நாற்பத்திரண்டு லிட்டர் காற்று நிற்கவேண்டும் என்கிறது கணக்கு.
காற்றை அளக்க வழி தெரியாமல்
நெல்லைக் கொண்டு அளந்தேன்.
நீடாமங்கலத்தில் எல்லாவற்றையும் அதைக்கொண்டுதானே அளக்கிறோம்.
லாபம், ரெண்டு, மூணு என்று
லிட்டர் படியால் கொட்டக் கொட்ட
நாற்பத்து நாலில் விளிம்பைத் தொட்டது.
குறுக்குக் கட்டைக்கு ஒன்று,
காந்தத்துக்கும் குழாய்க்கும் சேர்த்து ஒன்று,
கழித்தால் சரி.
என் உத்தியோகத்தில் முதல்முறையாக
யாரும் சண்டைக்கு வராத ஒரு கழிவு.

போர்வெல்காரர்கள் விட்டுப்போன மூன்றங்குலக் குழாயில்
பத்தொன்பது சென்டிமீட்டர் குறித்தேன்.
ஹாக்ஸா பிளேடு கோணி
ஒரு பக்கம் பதினெட்டரை ஆனது.
வட்டம் வெட்டிய லட்சணத்தைச் சொல்லவே வேண்டாம்.
பெட்டிக்குள் திணிக்க இலவம்பஞ்சு போதாமல்
என் தலையணையைப் பிரித்தேன்.
அவளுடையதைத் தொடவில்லை.
இதை யாராவது அவளிடம் சொன்னால் நல்லது.

பதினொன்றரைக்கு
அரிசி ஏற்றிய சரக்கு ரயில் போனது.
காதுக்கு முன்னால் குதிகாலுக்கு எட்டிவிடும் சத்தம்.
அவ்வளவு கீழே என் பெட்டி இறங்காது.
ஆசையும் எட்டங்குலம்தான்.

கேட் திறந்து லாரிகள் கலைந்த பிறகு
கதவைச் சாத்திக்கொண்டு
ஒற்றைச் சுரத்தை மெல்ல மெல்லக் கீழே இறக்கினேன்.
நூற்றிருபதில் காலண்டரின் தகரப் பட்டை.
எண்பதில் பீரோக் கண்ணாடி.
அறுபத்தொன்றில் மாத்திரை டப்பா தானே நகர்ந்து
டிவி ஓரத்துக்கு வந்து நின்றது.
இந்த வீட்டில் இத்தனை தளர்ந்திருந்ததா?
நாற்பத்து மூன்றில் ஒரு நறநறப்பு,
தூக்கத்தில் யாரோ பல் கடிப்பதுபோல.

பெட்டிதான் என்று நினைத்தேன்.
ஸ்க்ரூக்களை முறுக்கினேன்.
மூலை மூலையாகக் காதை வைத்தேன்.
அந்தப் பதினெட்டரையைத் திட்டினேன்.
என் கையை, என் கண்ணை,
பலகை விற்ற மன்னார்குடி கடைக்காரனை.

சமையலறையில் விளக்கு எரிந்தது.
இந்துராணி எதுவும் சொல்லாமல் வந்து
தட்டு ஸ்டாண்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

நின்றது.

எடுத்தாள்: நறநற.
வைத்தாள்.

அப்போதுதான் பெட்டியின் குரல் தனியாகக் கேட்டது,
மதகுப் பலகைக்கு அடியில்
தண்ணீர் நுழைகிற மாதிரி
கனமாக, ஓரமே இல்லாமல்.
அவளும் கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.
கையை எடுக்கவில்லை.

“எவ்வளவு நேரம் இப்படிப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறது?”

பதினோரு நாளில் முதல் வாக்கியம்.
பழைய துண்டைக் கிழித்து மடித்துக் கொடுத்தேன்.
ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவே செருகிவிட்டு
இரண்டு அடி தள்ளி வந்து
தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“ஒரு பக்கம் மட்டும்தான் கேக்குது.”

ரெண்டாவது பெட்டிக்கு
இன்னும் ஈரம் காயவில்லை, பதினாலு, என்றேன்.

நெல் விற்க வந்தவளைப்போல
ஒரு பார்வை பார்த்தாள்.
பிறகு குனிந்து
கட்டிலுக்கடியில் பல்பைப் போட்டாள்.